சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் வராத அழைப்பு

"சில சமயம் வருவதில்லை" என்று அந்த மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். "சில சமயம்" என்பதைவிட எரிச்சலூட்டும் இரண்டு வார்த்தைகள் என் தொழிலில் கிடையாது. எப்போதுமே வரவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சில சமயம் என்றால் நாம் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக வந்து, நம்மை முட்டாளாக்கிவிட்டுப் போகும்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் இணைப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலை. உள்ளே நான்கு லைன்கள். ஒவ்வொரு லைனிலும் வரிசையாகப் பெண்கள் நின்று வேலை செய்வார்கள். ஒவ்வொருத்தியின் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். சாமான் தீர்ந்துவிட்டது, மெஷின் மக்கர் செய்கிறது, வந்த பொருளில் ஏதோ கோளாறு என்றால் அதை அமுக்க வேண்டும். அமுக்கியதும் லைனுக்கு மேலே தொங்கும் பெரிய டிவியிலும், தரம் பார்க்கிறவர்களின் மேசைத் திரையிலும் அந்த இடத்தின் எண் சிவப்பில் வரும். மணி அடிக்கும். யாராவது ஓடி வருவார்கள்.

அந்த மென்பொருளை மூன்று வருடங்களுக்கு முன் ஜாவாவில் எழுதியவள் நான். சென்னையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. எழுதிக் கொடுத்துவிட்டு நான் வேறு வேலைகளுக்குப் போய்விட்டேன். இப்போது இந்த மின்னஞ்சல்.

வழக்கமாக இணையத்தில் திரைதான் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். இதில் தலைகீழ். யாரும் கேட்காமலே சர்வர் செய்தியைத் திரைக்குத் தள்ள வேண்டும். அதற்காகத் திரை ஒரு தொடர்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனை எப்போது பேசினாலும் பேசட்டும் என்று மணிக்கணக்கில் நிற்பது போல. பேச்சு இல்லாத நேரத்திலும் லைன் உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியில் சர்வரையும் இன்னொன்றில் திரையையும் ஓட்டிப் பார்த்தேன். நூறு முறை அனுப்பினேன். நூறும் வந்தது. என் மேலாளர், "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. ரெண்டு நாள் வேலைதான்" என்றார். ஐந்து வாரம் போய்வந்தேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குவேன். ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக இடித்துக்கொண்டு ஒரகடம். அங்கிருந்து கம்பெனி வாசல் வரை நடை. வாசலில் லேப்டாப்பின் சீரியல் எண்ணை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நேற்று எழுதிய அதே எண்தான் என்றாலும் இன்றும் எழுத வேண்டும். லேப்டாப் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கர். போனை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு டோக்கன் கொடுப்பார்கள். பிறகு இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி. என் அளவில் ஒரு நாளும் இருந்ததில்லை. இரண்டு அளவு பெரிய காலணியோடு தரையில் போட்ட மஞ்சள் கோடுகளுக்குள் தட்டுத் தட்டென்று நடந்து, லைனுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை ஆகிவிடும்.

அங்கே எனக்கு உதவிக்கு இரண்டு பேர். ஒருவர் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். நானூறு பேருக்கு அவர் ஒருவரே கணினி, பிரிண்டர், நெட்வொர்க் எல்லாம். எதைக் கேட்டாலும் முதலில் "நம்ம சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்பார். இன்னொருவர் இரண்டாவது லைனின் லீடர். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி. என் வயதுதான். அவள் குடும்பத்தின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு தொழிற்சாலை வேலைக்கு வந்தவள்.

முதல் நாள் அவளிடம், "ஒரு பட்டன அமுக்கச் சொல்லுங்க" என்றேன். அமுக்கினார்கள். திரையில் பளிச்சென்று வந்தது. இன்னொன்று. வந்தது. பத்து முறை அமுக்கிப் பார்த்தோம். வேலை கெடுகிறதென்று லைனில் நின்ற பெண்கள் என்னை முறைத்தார்கள்.

"வருதே" என்றேன்.

லீடர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க நிக்க சொல்ல எல்லாம் நல்லாத்தான் வரும் மேடம். நீங்க அந்தாண்ட போனதும் தன் வேலைய காட்டும்."

"எப்ப வராது? அத சொல்லுங்க."

"அதான் சொல்றேனே. எப்பனா."

அன்று ரயிலில் திரும்பும்போது 'எப்பனா' என்ற அந்தச் சொல்லை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

முதல் வாரக் கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சர்வருக்கும் திரைகளுக்கும் நடுவில் வாசல் காவலாளி மாதிரி இன்னொரு மென்பொருளை கணினிப் பிரிவு அதிகாரி நிறுவியிருந்தார். சின்னச் சின்னச் செய்திகளை அது உடனுக்குடன் அனுப்பாமல், கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அழைப்பு அதிகம் இருக்கும் நேரத்தில் பிரச்சினை தெரியாது. குறைவான நேரத்தில் ஒரு அழைப்பு இரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்ததோடு சேர்ந்து வரும். அந்தச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை ஒரு வரியில் நிறுத்தினேன். தாமதம் போய்விட்டது. லீடரே, "ஆமா மேடம், இப்ப டக்குடக்குனு வருது" என்றாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே தொழிற்சாலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "பிரச்சினை முழுமையாகச் சரிசெய்யப்பட்டது. இனி பட்டனை அமுக்கினால் அழைப்பு உடனடியாகத் திரையில் வரும் என உறுதியளிக்கிறோம்." முழுமையாக என்ற சொல்லையும், உறுதி என்ற சொல்லையும் யாரும் கேட்காமல் நானாகப் போட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி மின்னஞ்சல். சில சமயம் வருவதில்லை.

நான் திரும்பிப் போனபோது லீடர் சிரிக்கவில்லை. என்னை லைனுக்குப் பின்னால் அலமாரிகள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தின் ஜெராக்ஸ். அவள் லைனில் பதினான்காவது இடத்தில் வேலை செய்த பெண்ணுக்குக் கொடுத்தது. அவளிடம் வந்த வயர் முனைகளில் ஒரு சுருள் முழுக்கக் கோளாறு. முனைகள் வயரைச் சரியாகக் கவ்வவில்லை. அவை அப்படியே வயர்க் கட்டுக்குள் சேர்ந்து, கார் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தன. 'கோளாறு தெரிந்தும் உதவி பட்டனை அமுக்காமல் வேலையைத் தொடர்ந்தது' என்று கடிதத்தில் இருந்தது. அவள் அமுக்கினேன் என்கிறாள். எங்கள் மென்பொருள் தரும் அன்றைய அறிக்கையில் அவள் அழைப்பு இல்லை. அடுத்த வரியில், பட்டன் அமைப்பு சரியாக இயங்குவதாக மென்பொருள் நிறுவனம் எழுத்துப்பூர்வமாக உறுதி அளித்துள்ளது என்று போட்டு, இணைப்பாக என் மின்னஞ்சலைச் சேர்த்திருந்தார்கள்.

"உங்க மெயிலுதானே மேடம் இது?" என்றாள் லீடர்.

"ஆமா."

"அன்னிக்கின்னு பாத்து நா லீவு. நா இருந்திருந்தா கைய தூக்கினாலே ஓடியாந்திருப்பேன். இப்ப அத பேக்கிங்குக்கு தூக்கிட்டாங்க. பாவம், நல்லா வேலை செய்ற பொண்ணு."

பேக்கிங் பகுதிக்கு என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் நான்கு பேரோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறாளாம். நான் யார் என்று லீடர் சொன்னதும் அவள் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள்.

"அமுக்கினியாம்மா?" என்று கேட்டேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

"அமுக்கத்தான் செஞ்சேன்க்கா. நான் ஏன் பொய் சொல்லுதேன்? பட்டன்ல லைட்டு எரிஞ்சுச்சு. ஆளு வருவாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. லைன் பாட்டுக்கு நகருது, நான் என்ன செய்ய?"

"எத்தனை மணின்னு ஞாபகம் இருக்கா?"

"மணியெல்லாம் பாக்கலக்கா." பிறகு, "அவ்வோ உங்க கம்பெனி சொல்லிட்டுன்னு சொல்லுதாவ. நான் சொன்னா யாரு கேக்கா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மறுபடி டேப்பை எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த இரண்டு வாரம் எப்படிப் போயிற்று என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. சர்வரின் பதிவேட்டில் தேடினேன்; அதில் கடைசி மூன்று நாள் மட்டுமே இருக்கும், அவள் அமுக்கிய நாள் எப்போதோ அழிந்திருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் நேராக 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது. எங்கும் பிழை இல்லை. பிழை இருந்தால்தானே பிடிப்பதற்கு ஒரு நூல் கிடைக்கும்? டிவிகளுக்குப் பின்னால் இருந்த சின்னக் கணினிகளை ஏணி போட்டு இறக்கிப் பார்த்தேன். ஏணியில் ஏறத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு நாள் போனது. கேபிளை மாற்றினோம். பிரவுசரை மாற்றினோம். ஜாவாவின் பதிப்பை மாற்றினேன். அது வேறு ஒன்றைக் கெடுத்தது. பழைய பதிப்புக்கே திரும்பினேன். காலை பதினொரு மணிக்கு லைனில் நிற்பேன், எல்லா அழைப்பும் வரும். மதியம் இரண்டு மணிக்கு நிற்பேன், வரும். நான்கு மணிக்கும் வரும்.

நெட்வொர்க்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலைப் பற்றிக் கணினிப் பிரிவு அதிகாரியிடம் கேட்டேன்.

"போர்ட் ஓப்பன்லதான் இருக்கு மேடம். இல்லன்னா ஒண்ணுகூட வராதே."

"சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா?"

"செட்டிங் எதுவும் தொடலையே."

அவர் சொன்னது உண்மை என்பதும், நான் கேட்ட கேள்விதான் தப்பு என்பதும் எனக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. அன்று அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில், மதியம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாம்பார் சாதம் சாப்பிட்டோம். அவரும் என்மேல் கடுப்பில்தான் இருந்தார். 'புரோகிராம்ல தப்ப வெச்சுக்கிட்டு என் நெட்வொர்க்க நோண்டறாங்க' என்று யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

வீட்டிலும் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் அந்தப் பதிவேட்டின் வரிகள் கண்ணுக்குள் ஓடும். என் கணவர் ஒரு நாள், "அந்த டிவிய கழட்டி நம்ம வீட்டுக்கே கொண்டு வந்துடேன்" என்றார். சிரிக்கச் சொன்னதுதான். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

காரணம் ஒரு கிருத்திகை நாளில் அகப்பட்டது. சாமர்த்தியத்தால் இல்லை, தாமதத்தால்.

அன்று வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலிலேயே நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு ஷேர் ஆட்டோவும் பால்குடமும் பூக்கூடையுமாக நிறைந்து போனது. ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஒன்றில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் ஊர்ந்தது. வாசலில் நோட்டில் எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி, பொருந்தாத காலணியை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. கணினிப் பிரிவு அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். கேன்டீனில் கூட்டமாக இருக்கும் என்று நேராக லைனுக்குப் போனேன். ஒருவரும் இல்லை. விளக்குகள் பாதி அணைந்திருந்தன. மேலே டிவியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு சைரன் ஒலித்தது. பெண்கள் கை துடைத்துக்கொண்டு வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, ஏழாவது இடத்தில் ஒருத்தி பட்டனை அமுக்கினாள். அவள் பட்டனில் லைட் எரிந்தது. நான் திரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடிகாரம் மட்டும் நொடி நொடியாக ஓடியது.

"மறுபடி அமுக்கும்மா!" என்று கத்தினேன்.

அமுக்கினாள். ஒன்றுமில்லை. எட்டாவது இடத்துக்கு ஓடி நானே அமுக்கினேன். ஒன்றுமில்லை. அடுத்த லைனுக்கு ஓடினேன். அங்கும் அதேதான்.

லீடர் ஓடி வந்தாள். "இன்னா மேடம்?"

"இப்ப வரல. பாருங்க, வரல!" எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இது எப்பவும்தான் மேடம். துன்னுட்டு வந்து மொத மொத அமுக்கினா பாதி நாளு வராது. நாங்களே ஓடிப் போய் கூட்டியாந்துடுவோம்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க 'எப்ப வராது'ன்னு கேட்டீங்க. நா மணி பாத்தா வேலை செய்றேன்? அந்த டைம்ல நீங்க ஒரு நாளுனா இங்க இருந்தீங்களா?"

இல்லை. நான் இருந்ததே இல்லை. ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட. பன்னிரண்டரை முதல் ஒன்றேகால் வரை வெளியாட்களுக்கான கேன்டீனில் உட்கார்ந்திருப்பேன். பரிசோதனை செய்கிறவர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில்தான் அது செத்துக் கிடந்திருக்கிறது.

சரியாக ஒரு மணிக்குத் திரை ஒரு முறை கண் சிமிட்டியது. அதற்குப் பிறகு அமுக்கியவை எல்லாம் வந்தன.

அந்தக் கண்சிமிட்டல் என் கைவரிசை. மூன்று வருடம் முன்பு, எதற்கும் இருக்கட்டும் என்று, திரை மணிக்கொரு முறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். அதுதான் நோயை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. ஒரு மணி ஆனதும் எல்லாம் சரியாகிவிடும். யார் வந்து பார்த்தாலும் சரியாகவே இருக்கும். புதுப்பித்த பிறகு விட்டுப்போன அழைப்புகளைக் கேட்டு வாங்கவும் நான் எழுதவில்லை. புதிதாக வருவதை மட்டும் காட்டும்.

சாப்பிட்டுவிட்டு வந்த கணினிப் பிரிவு அதிகாரியை அவர் இருக்கையில் உட்காரக்கூட விடவில்லை.

"ஃபயர்வால்ல, யாரும் பேசாம சும்மா இருக்கிற தொடர்ப எவ்வளவு நேரம் வெச்சிருக்கும்?"

"அது... பாக்கணும்." அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "முப்பது நிமிஷம் மேடம்."

"நீங்க வெச்சதா?"

"இல்ல, கம்பெனியிலேருந்து வரும்போதே இருக்கிறது. போன மாசத்துக்கு முந்தின மாசம்தான் இந்த பாக்ஸே வந்துச்சு. சர்வர தனியா, லைன தனியா பிரிச்சோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "செட்டிங் எதுவும் தொடலைன்னு சொன்னேன். தொடல" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வேலை நடக்கும்போது யாராவது எதையாவது அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். தொடர்பில் பேச்சு இருக்கும். சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம். அரை மணி நேரம் பேச்சே இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஃபயர்வால் அந்தத் தொடர்பை மறந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் சொல்லாது. சர்வர் தன் பக்கம் செய்தியைக் கொடுத்துவிட்டு 'அனுப்பப்பட்டது' என்று எழுதிக்கொள்ளும். திரை தன் பக்கம் இன்னும் காத்துக்கொண்டிருக்கும். திரையின் கடிகாரம் அந்தச் சின்னக் கணினிக்குள்ளேயே ஓடுவது. அதற்குத் தொடர்பு தேவையில்லை. அதனால் பார்க்கிறவர்களுக்குத் திரை உயிரோடு இருப்பதாகவே தோன்றும்.

அத்தோடு முடியவில்லை. அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று பல நிமிடம் கழித்தாவது சர்வருக்குத் தெரிய வந்திருக்க வேண்டுமே, அந்தப் பிழை ஏன் பதிவேட்டில் இல்லை என்று என் நிரலைத் திறந்தேன். ஜாவாவில் பிழை வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு இடம் எழுதுவோம். நான் எழுதியிருந்தேன். பிடித்திருந்தேன். பிடித்த பிழையை என்ன செய்வது என்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் வெறுமை. பதிவேடு வீணாக நிரம்புகிறதென்று அந்த வரியை நான் அழித்தது மங்கலாக நினைவுக்கு வந்தது. ஐந்து வாரமாக நான் தேடிய பிழையை மூன்று வருடத்துக்கு முன்பே நானே வாயைப் பொத்தி உட்கார வைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அறிக்கை. திரை 'வந்துவிட்டது' என்று பதில் சொன்ன அழைப்புகள் மட்டுமே அறிக்கையில் வரும்படி அமைத்திருந்தோம். ஒரே அழைப்பு இரண்டு முறை எண்ணப்படக் கூடாது என்று அப்போது எடுத்த முடிவு. ஆனால் பட்டனை அமுக்கியதும் வருகிற முதல் தகவல் அதற்கு முன்பே இன்னொரு அட்டவணையில் பதிவாகும். யாரும் எட்டிப் பார்க்காத அட்டவணை. எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்த தேதியைப் போட்டுத் தேடினேன். இரண்டாவது லைன், பதினான்காவது இடம், பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. கீழே இன்னொரு வரி. பன்னிரண்டு ஐம்பத்து நான்கு. அவள் இரண்டு முறை அமுக்கியிருக்கிறாள்.

கணினிப் பிரிவு அதிகாரி என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்தார்.

சரிசெய்ய ஒன்றரை நாள் ஆனது. சர்வர் இருபது நொடிக்கொரு முறை வெறுமனே ஒரு சின்னச் செய்தி அனுப்பும். நான் இருக்கிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். ஒரு நிமிடம் அது வரவில்லையென்றால் திரை கடிகாரத்தை மறைத்துவிட்டு 'தொடர்பு இல்லை' என்று பெரிதாகக் காட்டி, தானே மறுபடி இணைத்துக்கொண்டு, விட்டுப்போன அழைப்புகளைக் கேட்டு வாங்கும். அறிக்கையில் அமுக்கிய எல்லாமும் வரும். அந்த வெறுமையான இடத்தில் எழுத வேண்டியதை எழுதினேன்.

கஷ்டம் அதற்குப் பிறகு. தொழிற்சாலைக்கு என்ன எழுதுவது? என் மேலாளர் போனில், "வாடிக்கையாளர் தரப்பு நெட்வொர்க் அமைப்பால் ஏற்பட்ட பிரச்சினைன்னு போட்டுடுங்க. பொய் இல்லையே அது" என்றார்.

"நம்ம பக்கமும் தப்பு இருக்கு சார். மூணு தப்பு."

"இருக்கட்டும். நாம சரி பண்ணிட்டோம்ல? எதுக்கு எழுத்துல குடுக்கறீங்க?"

"எழுத்துல குடுத்ததாலதான் ஒரு பொண்ணுக்கு மெமோ வந்திருக்கு சார்."

"உங்க இஷ்டம். அந்த மெயிலோட காப்பிய எனக்கு அனுப்பாதீங்க" என்று வைத்துவிட்டார்.

கணினிப் பிரிவு அதிகாரிக்கும் தர்மசங்கடம். ஃபயர்வாலின் பெயரை எழுத வேண்டாமே என்று ஆரம்பித்தார். பிறகு அவரே, "எழுதுங்க மேடம். நானும் ரிப்ளை போடறேன்" என்றார். இவரையா இத்தனை நாள் முறைத்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

நான்கு பத்தி எழுதினேன். ஃபயர்வால் செய்தது ஒன்று, எங்கள் மென்பொருள் செய்யாதது மூன்று. முந்தைய மின்னஞ்சலில் கொடுத்த உறுதி தவறானது, போதிய பரிசோதனை இல்லாமல் நான் எழுதியது என்று ஒரு வரி. கடைசியில் அந்தத் தேதியின் இரண்டு பதிவுகள், நொடி உட்பட. எழுதும்போது எரிச்சல்தான் அதிகம் இருந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

எட்டு நாள் பதிலே இல்லை. ஒன்பதாவது நாள் லீடர் போனில் கூப்பிட்டாள். மெமோவை ரத்து செய்து கடிதம் கொடுத்துவிட்டார்களாம். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லையாம். "குடுத்தாங்களே, அதுவே பெருசு மேடம்" என்றாள்.

அந்த வாரம் கடைசி முறையாகத் தொழிற்சாலைக்குப் போனேன். பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பிடாமல் லைனிலேயே நின்றேன். ஒரு அழைப்பும் தவறவில்லை. பிறகு பேக்கிங் பகுதிக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"லெட்டர் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுக்கா. ரூம்ல வச்சிருக்கேன்." கொஞ்சம் சிரித்தாள். "ரெண்டு மட்டம் அமுக்கியிருக்கேனாம்லா? எனக்கு ஒரு மட்டம்தான் ஞாபகம்."

"தப்பு எங்க மேலதான். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

அவள் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஏன் எதிர்பார்த்தேன் என்று பிறகு என்மேலேயே கோபம் வந்தது.

"மறுபடி லைனுக்குப் போகலாமே? லீடர் உன்ன கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"கூப்பிட்டாவ. நான்தான் வரலன்னு சொல்லிட்டேன்க்கா." பெட்டியின் மூடியை மடித்து அழுத்தினாள். "இங்கன ஏதாச்சும்னா பக்கத்துல இருக்கவள ஒரு சத்தம் போட்டா திரும்பிப் பாப்பா."

டேப் தீர்ந்திருந்தது. புது உருளையை எடுக்க அவள் அலமாரிப் பக்கம் போனாள். நான் பாதுகாப்புக் காலணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, டோக்கனைக் காட்டிப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேறொரு தொழிற்சாலையின் மின்னஞ்சலை என் மேலாளர் அனுப்பியிருந்தார், சில சமயம் அழைப்பு வருவதில்லை என்று. அவர்களுக்கும் இதே மென்பொருளைத்தான் கொடுத்திருந்தோம். வெயிலில் ஆட்டோவுக்கு நின்றபடியே, அங்கேயும் உடனே மாற்ற வேண்டும், அனுமதி கேட்டு நான் காத்திருக்கப் போவதில்லை என்று பதில் அடித்தேன்.